ஒரு முன்னங்காலில் தொடங்கும் எலும்புப் படிப்பு

அகழாய்வுக் குழியிலிருந்து வந்த எலும்புப் பையைத் தட்டில் கொட்டினால் முழு எலும்பு அரிதாகவே கண்ணில் படும். விரல் நீளத் துண்டுகள், பல் சில்லுகள், மண் அப்பிய மூட்டு முனைகள், எதில் சேர்ப்பதென்றே தெரியாத சிதறல்கள் இவைதான் மிகுதி. படத்தை வைத்துக்கொண்டு இவற்றை அடையாளம் காணலாம் என்று உட்காருபவர் அரை நாளில் சோர்ந்துவிடுவார். படத்தில் எலும்பு முழுதாக, ஒரே பக்கம் காட்டிப் படுத்திருக்கும். கையில் இருப்பதோ அதில் ஆறில் ஒரு பங்கு, அதுவும் தலைகீழாக. எலும்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, பள்ளம் எங்கே, மேடு எங்கே, எந்தப் பக்கம் வழவழப்பு என்று விரலுக்குப் பழக்கினால்தான் அகழாய்வில் கிடைக்கும் விலங்கு எலும்புகளைப் படிக்கும் தொல்விலங்கியல் கைவரும். அதற்கு முழு எலும்புக்கூடு வேண்டியதில்லை. ஒரு வெள்ளாட்டின் முன்னங்கால் போதும். பக்கம் பிரிப்பது, வயது கணிப்பது, எத்தனை ஆடு என்று எண்ணுவது, எது மண்ணில் தங்கும் எது தங்காது என்று அறிவது ஆகிய எல்லாச் சிக்கலும் அதிலுள்ள ஹியூமரஸ் என்ற ஒற்றை எலும்பிலேயே இருக்கின்றன. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருப்பது அது.

கறிக்கடையில் கேட்க வேண்டியது, துண்டு போடாத முன்சப்பையும் குளம்பு வரையிலான காலும். கட்டைமேல் வைத்துக் கொத்தியது உதவாது. வெட்டுக்கத்தி எலும்பைச் சிம்பு சிம்பாக உடைத்துவிடும், மூட்டு முனைகள்தான் முதலில் போகும். குக்கரில் வெந்த எலும்பும் வேண்டாம். அழுத்தத்தில் அதன் புரதம் கரைந்துபோவதால் காய்ந்ததும் உதிரத் தொடங்கும். இடது, வலது இரண்டும் ஒரே ஆட்டில் கிடைத்தால் நல்லது. கிடாயா பெட்டையா, காயடித்ததா, எத்தனை பல், எந்த ஊர்ப் பக்கத்து ஆடு என்பதைக் கடையிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இந்த விவரம் இல்லாத எலும்பு உருவம் கற்க மட்டும்தான் பயன்படும், வயது கற்கப் பயன்படாது.

சப்பையைக் கடைக்காரர் கழற்றும்போது கூர்ந்து பார்ப்பது நல்லது. ஆட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால் உடம்போடு எலும்பு மூட்டால் பிணைந்ததில்லை, தசையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. அதனால் கத்தி எலும்பை உரசாமலே சப்பை தனியாக வந்துவிடும். பழைய குழியில் கிடைத்த தோள்பட்டை எலும்பில் வெட்டுத்தடம் இல்லை என்பதை வைத்து அந்த ஆட்டை யாரும் அறுக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கறியை முடிந்தவரை கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதியைத் தனியாகக் கொசுவலைத் துணியில் கட்ட வேண்டும். வெங்காயப் பையின் கண் பெரிது. குளம்பருகே உள்ள சிறு எலும்புகள் அதன் வழியே நழுவிவிடும். ஒரு முன்னங்காலில் 23 எலும்புகள் எதிர்பார்க்கலாம்: தோள்பட்டை 1, ஹியூமரஸ் 1, முன்கையில் ரேடியஸும் அல்னாவுமாக 2, மணிக்கட்டில் 6, அதன் கீழே நீண்ட மெட்டகார்பல் 1, இரண்டு விரல்களிலும் சேர்த்து 6, மூட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் செசமாய்டு எலும்புகள் 6. சுத்தம் செய்து முடிந்ததும் 23 வரவில்லை என்றால் வாளியின் அடிச்சேற்றில் கைவிட்டுத் துழாவ வேண்டியதுதான்.

சுத்தம் செய்ய எளிய வழி ஊறவைப்பது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் எலும்பு முழுக மூழ்கும்படி தண்ணீர் விட்டு, வாயு வெளியேற இடம் விட்டு மூடி, வீட்டிலிருந்து தள்ளி நிழலில் வைக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பாக்டீரியாக்களே சதையைத் தின்றுவிடும். நாற்றம் தாங்காமல் தண்ணீரை முழுதாக மாற்றுவதுதான் வழக்கமான பிழை. பாக்டீரியாவும் அதோடு போய்விடுவதால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாதித் தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். கையுறை கட்டாயம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று தொடவே கூடாது.

அவசரமென்றால் சலவைத்தூள் ஒரு கரண்டி போட்டு, கொதிக்கவிடாமல் சிறுதீயில் சில மணி நேரம் வைக்கலாம். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் ஏறிக்கொள்ளும். தாடையாக இருந்தால் பல் வெடிக்கும். அடுத்தது கொழுப்பு நீக்கம். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டு, தண்ணீர் கலங்காமல் நிற்கும் வரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். இதைத் தவிர்த்தால் சில மாதத்தில் எலும்பு மஞ்சளாக வியர்க்கும், எறும்பு வரும். வெண்மை வேண்டுமென்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நாள் வைத்தால் போதும். பிளீச்சிங் பவுடர் மட்டும் கூடவே கூடாது, அது எலும்பின் புரதத்தை அரித்து மேற்பரப்பைச் சுண்ணாம்பாக்கிவிடும். காயவைப்பது நிழலில். வெயிலில் போட்டால் நீளவாக்கில் விரிசல் விடும்.

ஊறவைத்த நீரிலிருந்து ஹியூமரஸை எடுக்கும்போது பெரும்பாலோர் பதறுவார்கள். தோள் பக்க முனை தொப்பிபோல் கழன்று கையோடு வந்திருக்கும். உடைந்துபோகவில்லை. கடையில் அறுக்கப்படுபவற்றில் பல இளம் ஆடுகள். வளரும் எலும்பில் தண்டுக்கும் முனைக்கும் நடுவே குருத்தெலும்புத் தட்டு இருக்கும். வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாகி இரண்டையும் இணைத்துவிடும். இணையாதபோது சதையோடு சேர்ந்து அந்தக் குருத்தெலும்பும் அழுகிவிட, முனை தனியாகிவிடும். தண்டின் நுனியில் அலையலையான சொரசொரப்பு தெரிந்தால் இணையாத எலும்பு. கூரான ஓரங்கள் தெரிந்தால்தான் உடைந்தது. இந்த வேறுபாட்டை விரல்நுனியில் ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது.

ஹியூமரஸின் சிறப்பு என்னவென்றால் அதன் இரு முனைகளும் ஒரே காலத்தில் இணைவதில்லை. முழங்கைப் பக்கக் கீழ்முனை ஒரு வயதுக்குள், சுமாராக 10 மாதத்துக்குள் இணைந்துவிடும். தோள் பக்க மேல்முனை மூன்று, மூன்றரை வயது வரை காத்திருக்கும். கீழ்முனை இணைந்து மேல்முனை இணையாத எலும்பு கிடைத்தால் அந்த ஆடு 10 மாதத்துக்கும் மூன்றரை ஆண்டுக்கும் இடையில் செத்தது என்று சொல்லலாம். இந்தக் கணக்குகள் பெரும்பாலும் மேலைநாட்டு ஆடுகளை வைத்துத் தொகுத்தவை. இனத்துக்கு இனம், தீவனத்துக்குத் தீவனம் மாறும். காயடித்த கிடாயில் இணைப்பு தாமதமாகும். மாதக்கணக்கில் துல்லியம் காட்டும் அறிக்கையைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

பக்கம் பிரிக்க: கீழ்முனை கீழே இருக்கும்படி எலும்பை நிமிர்த்தி, ஆழமான பள்ளம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். அல்னாவின் முழங்கை நுனி வந்து உட்காரும் பள்ளம் அது, எலும்பின் பின்பக்கத்தில் இருப்பது. இப்போது நீங்கள் ஆட்டுக்குப் பின்னால் நின்று பார்க்கும் நிலை. கீழே குறுக்காக உள்ள உருளை இரு ஓரத்திலும் ஒரே பருமனாக இராது. பருத்த ஓரம் உடம்பின் உட்பக்கம். அது உங்கள் இடக்கைப் பக்கம் தெரிந்தால் வலது கால், வலக்கைப் பக்கம் தெரிந்தால் இடது கால். பள்ளத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தால் விடை தலைகீழாகிவிடும். புதியவர்கள் இடம் வலம் மாற்றி எழுதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரே எலும்பின் இரு முனைகளில் ஒன்று தங்கி ஒன்று அழிவதுதான் இத்துறையின் பெரிய விவாதம் ஒன்றைத் தீர்த்தது. தென்னாப்பிரிக்காவின் மகாபன்ஸ்காட் குகையில் கிடைத்த புதைபடிவங்களை ஆராய்ந்த ரேமண்ட் டார்ட், மான் வகைகளின் ஹியூமரஸ் கீழ்முனைகள் மேல்முனைகளைப்போலச் சுமார் பத்து மடங்கு இருப்பதைக் கண்டார். ஆஸ்ட்ரலோபிதிகஸ் என்ற ஆதி மனித இனம் இவற்றை ஆயுதமாகப் பொறுக்கிச் சேர்த்தது என்று 1950களில் வாதிட்டார். கொலைவெறி பிடித்த மூதாதை என்ற கருத்து அதன் வழியே உலகமெங்கும் பரவியது.

சி.கே. பிரெய்ன் 1960களில் வேறு வழியில் போனார். நமீபியாவின் குய்செப் ஆற்றோரச் சிற்றூர்களில் மக்கள் வளர்ப்பதும் தின்பதும் வெள்ளாடு. தின்று எறிந்ததை நாய்கள் கடிக்கும், மிச்சம் பாலை வெயிலில் கிடக்கும். அந்த எலும்புகளை அவர் பொறுக்கி எண்ணினார். தாடைகளின்படி குறைந்தது 64 ஆடுகள். அப்படியானால் ஹியூமரஸ் கீழ்முனைகள் 128 இருக்க வேண்டும், கிடைத்தவை 82. மேல்முனைகளும் 128 இருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. யாரும் எதையும் ஆயுதமாகச் சேர்க்காத இடத்திலும் அதே ஏற்றத்தாழ்வு! காரணம் எலும்பிலேயே இருந்தது. மேல்முனை தாமதமாக இணையும், உள்ளே பஞ்சுபோல் இலேசாக இருக்கும், கொழுப்பும் உண்டு. நாய்க்கு விருப்பமான தீனி. கீழ்முனை சீக்கிரம் இணைந்து கெட்டிப்பட்டுவிடும், மெல்ல முடியாது. பொறுக்கியது மனிதக் கை இல்லை, பல்லும் எலும்பின் அடர்த்தியும்தான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். முன்னங்கால்கள் இரண்டு வாங்கியிருந்தால் ஒன்றின் ஹியூமரஸை வேகவைக்காமல் நாயிடம் விட்டு, அருகிலிருந்து பார்த்து, ஒரு மணி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேகவைத்த எலும்பு கூரான சிம்புகளாக உடைந்து நாயின் குடலைக் கிழிக்கும். மென்ற முனையில் ஓரம் பல்பல்லாக அரிக்கப்பட்டு, சிறு குழிகளும் அடி வளைந்த பள்ளங்களும் தெரியும். மற்றதில் கத்தியால் தசைநாரை அறுத்துப் பாருங்கள், குறுகலான ஆங்கில வி வடிவக் கீறல் விழும். பத்து மடங்கு லென்ஸ் போதும், ஆனால் வெளிச்சம் மேலிருந்து விழக் கூடாது. கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் கீறல் நிழல் விட்டு எழுந்து தெரியும். எலி கடித்தால் அகலமான, ஒன்றையொன்று ஒட்டிய இணைகோடுகள். மணலில் மிதிபட்ட எலும்பிலும் கத்திக் கீறல்போலவே மெல்லிய கோடுகள் விழும். அவை திசை தப்பி, மூட்டோடும் தசையோடும் தொடர்பில்லாத இடங்களில் கிடக்கும். அறுத்தவனின் கீறல் காரணத்தோடு விழும், ஹியூமரஸில் பெரும்பாலும் முழங்கை மூட்டைச் சுற்றி.

நல்லி எலும்பை உடைத்து மஜ்ஜை எடுப்பதும் தடம் விடும். பச்சை எலும்பு சுருள் வளைவாக, வழவழப்பான ஓரத்தோடு உடையும். காய்ந்த எலும்பு குறுக்கே, சொரசொரப்பாக உடையும். உடைந்த ஓரம் மட்டும் வெளுத்திருந்தால் அது அகழ்ந்தவரின் கடப்பாரை வேலை. அந்தத் துண்டின் மற்றப் பாதி அதே பையில்தான் இருக்கும், தேடி ஒட்டிவிட்டு எண்ணுவது முறை. சுட்ட எலும்பின் நிறம் வெப்பத்தைச் சொல்லும்: பழுப்பு, பிறகு கரி, பிறகு சாம்பல்நீலம், 700 டிகிரியை ஒட்டி வெண்மை. ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு எலும்பைக் கருப்பாக்கும். கருப்பையெல்லாம் சுட்டது என்று எழுதுவதற்கு முன் ஓரத்தில் சிறிது சுரண்டி உள்ளே பார்க்க வேண்டும்.

எண்ணுவது எளிதாகத் தோன்றும், அதில்தான் சண்டையே. ஒரு குழியில் ஆட்டு ஹியூமரஸ் கீழ்முனைகள் 9 கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். இடது 5, வலது 4. துண்டுக் கணக்கில் 9. ஒரு ஆட்டுக்கு இடது ஹியூமரஸ் ஒன்றுதான் என்பதால் குறைந்தது 5 ஆடுகள். இதுதான் தியோடர் ஒயிட் 1953 இல் இத்துறைக்குள் கொண்டுவந்த எம்என்ஐ என்னும் குறைந்தபட்சக் கணக்கு. இன்னும் உற்றுப் பார்த்தால் இடது ஐந்தும் இணைந்தவை, வலது நான்கில் ஒன்று இணையாத குட்டி. அந்தக் குட்டிக்கு இடப்பக்கத்தில் இணை இல்லை. ஆகவே 6.

எண்ணும்போது முனையின் ஏதாவது ஒரு பகுதி இருந்தால் போதும் என்று விட்டால் ஒரே எலும்பின் இரு துண்டுகள் இரண்டாகிவிடும். பள்ளத்தின் உட்பக்க விளிம்பு போன்ற ஒரு புள்ளியை முன்பே குறித்துவைத்து, அது உள்ள துண்டை மட்டும் எண்ண வேண்டும். வேறொரு பொறியும் உண்டு. ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாக எம்என்ஐ போட்டுக் கூட்டினால் வரும் எண், எல்லாக் குழியையும் ஒன்றாகப் போட்டு எண்ணும்போது வருவதைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். எலும்பு மாறவில்லை, கோடு போட்ட இடம்தான் மாறியது. அறிக்கையில் எப்படிக் கூட்டினார்கள் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை இன்னொரு ஊரோடு ஒப்பிட வழியில்லை.

முன்னங்கால் பழகியதும் அடுத்து வாங்க வேண்டியது தலை. ஆட்டு வயதைச் சந்தையில் கீழ்முன்பல் பார்த்துச் சொல்வார்கள்: பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், ஆறு பல். அகழாய்வில் இந்த அறிவு அதிகம் உதவாது. முன்பற்கள் ஒற்றை வேர் கொண்டவை, மண்ணில் கழன்று தொலைந்துவிடும். தாடையில் தங்குபவை கடைவாய்ப் பற்கள்; வயதை அவற்றின் முளைப்பையும் தேய்மானத்தையும் கொண்டுதான் கணிக்க வேண்டும். இங்கே ஒரு பழம்பெரும் குழப்பம் உண்டு. கீழ்த்தாடையில் மூன்று மடல் உள்ள பற்கள் இரண்டு. ஒன்று பாற்கடைவாய்ப்பல் வரிசையின் கடைசிப் பல், சுமார் இரண்டு வயதில் விழுந்துவிடுவது. மற்றது முதிர்ந்த ஆட்டின் மூன்றாம் கடைவாய்ப்பல். முன்னதைப் பின்னதாக நினைத்துவிட்டால் குட்டி கிழடாகிவிடும். பாற்பல் குட்டையானது, வேர்கள் அகலப் பிரிந்து நிற்கும். மூன்றாம் கடைவாய்ப்பல் உயரமானது, அதன் பின்மடல் மட்டும் சிறுத்திருக்கும்.

இனம் பிரிப்பதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வெள்ளாட்டையும் செம்மறியையும் உயிரோடு பார்த்தால் குழந்தைகூடச் சொல்லும், எலும்பில் அனுபவசாலியும் தயங்குவார். பெஸ்நெக் 1969 இல் வெளியிட்ட அடையாளப் பட்டியல் இன்றும் அடிப்படை. கொம்பின் உள்ளெலும்பும் மெட்டகார்பலின் கீழ்முனையும் ஓரளவு நம்பத்தக்கவை; விலா எலும்பு, தண்டுச் சில்லுகளில் முயல்வதே வீண். தென்னிந்தியாவில் வெளிமானும் புள்ளிமானும் ஏறத்தாழ அதே பருமனில் வந்து சேரும். பசுவுக்கும் எருமைக்கும் நடுவே இதே தலைவலி, கூடவே நீல்காய் எனப்படும் பெரிய காட்டு விலங்கான நீலான். காட்டு விலங்கு எலும்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் புனே தக்காணக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் தொகுப்புக்குத்தான் போக வேண்டும். காட்டோரம் தானாகச் செத்துக் கிடந்த மயிலானாலும் மானானாலும் அதன் எலும்பை அனுமதியின்றி வைத்திருப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தொல்லியல் மேட்டில் மேலே கிடக்கும் எலும்பையும் எடுக்கக் கூடாது. இடம் தெரியாமல் போன எலும்பு யாருக்கும் பயன்படாது.

கடைசிப் பயிற்சிக்கு இரண்டு சல்லடை வேண்டும், ஒன்று 4 மில்லிமீட்டர் கண், மற்றது 2. அந்த 23 எலும்புகளை ஒரு பெரிய தொட்டி மண்ணில் கலந்து, எத்தனை என்று தெரியாத ஒருவரிடம் கையால் பொறுக்கச் சொல்லுங்கள். நீண்ட எலும்புகள் அத்தனையும் வந்துவிடும். மணிக்கட்டு எலும்புகளிலும் செசமாய்டுகளிலும் பல மண்ணோடு தங்கிவிடும். பிறகு சலித்தால் அவை வரும். செபாஸ்டியன் பெய்ன் வடகிரேக்கத்தின் சிதாக்ரோய் மேட்டில் அகழ்ந்த மண்ணையே சலித்து இதைக் காட்டினார். முடிவு 1972 இல் வெளியானது. கையால் பொறுக்கியதில் மாட்டு எலும்பின் பங்கு வீங்கித் தெரிந்தது, தவறிப்போனவற்றில் ஆடும் பன்றியும் மிகுதி. மீனுக்கும் கோழிக்கும் இழப்பு இதைவிடப் பெரிது. ஆற்றங்கரை ஊரில் மீன் முள் கிடைக்கவில்லை என்ற வரியைப் படித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சலித்தார்களா, எந்தக் கண்ணில் என்பது.

கீழடி எலும்புகளையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்ட அறிக்கையின்படி 70 எலும்பு மாதிரிகள் தக்காணக் கல்லூரியில் ஆராயப்பட்டன. பசு அல்லது காளை, எருமை, ஆடு, நீலான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் எல்லாம் அதில் உண்டு. வளர்ப்பு விலங்கும் வேட்டை விலங்கும் அந்த ஊரில் கலந்திருந்தன என்று சொல்ல இது போதும். எந்த விலங்கு எத்தனை சதவீதம் என்று பேச 70 போதாது. ஒரு மாடு சாகும்போது விட்டுச்செல்லும் எலும்புகளே இருநூறுக்கு மேல், அவை உடைந்தால் இன்னும் பல மடங்கு. எழுபதில் பாதி ஒரே மாட்டுடையதாகவும் இருக்கலாம், முப்பது மாடுகளுடையதாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துக் காட்டுவது எலும்பின் பெயர், பக்கம், இணைந்த நிலை, குழி எண் ஆகிய நான்கு கட்டங்களும் உள்ள அட்டவணை. இனம் பிரிக்க முடியாதவற்றுக்கும் அதில் இடம் வேண்டும்: நடுத்தர அளவுப் பாலூட்டி, பெரிய பாலூட்டி, அடையாளம் தெரியாதது. பெரும்பாலான குழிகளில் மிக நீளமான பட்டியல் அதுதான். அது இல்லாத அட்டவணையில் யாரோ ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள், அல்லது சில்லுகளைப் பொறுக்காமலே விட்டிருக்கிறார்கள்.